மெம்இன்ஃபோ: எந்த வரியை நம்பலாம்?

டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸில் நான் அதிகம் படிப்பது, ரேம் எவ்வளவு, அது எதற்கெல்லாம் போயிருக்கிறது என்று காட்டும், ப்ராக் கோப்பகத்தில் இருக்கும் மெம்இன்ஃபோவைத்தான். ஃப்ரீ கட்டளை காட்டும் எண்களும் இதிலிருந்து எடுத்தவையே. டிஸ்கில் அப்படி ஒரு கோப்பு கிடையாது. நாம் கேட்கும் நொடியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், செலவும் இல்லை. 5-க்கு 4 தருவேன். குறைத்த அந்த ஒன்று எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், எதற்கும் பயன்படாமல் கிடக்கும் ரேமைச் சொல்லும் மெம்ஃப்ரீ வரியைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். 16 ஜிபி மெஷினில் 400 எம்பிதான் மிச்சம் என்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. சும்மா கிடக்கும் ரேமில் கெர்னல் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும்; அது கேச்டு என்ற வரியில் வரும். யாராவது இடம் கேட்டால் காலி செய்து கொடுத்துவிடும்.

சரி, அப்படியானால் மெம்ஃப்ரீயையும் கேச்டையும் கூட்டிக்கொண்டால் போதாதா? பல மானிட்டரிங் ஸ்கிரிப்ட்கள் ரொம்ப காலம் அதைத்தான் செய்தன. எங்கள் போஸ்ட்கிரெஸ் மெஷின் ஒன்றில் கேச்டு 9 ஜிபி. கொஞ்சம் கீழே போனால் ஷ்மெம், அதாவது பல பிராசஸ்கள் (ஓடும் புரோகிராம்கள்) பகிர்ந்துகொள்ளும் மெமரி, 4 ஜிபி. அது டேட்டாபேஸின் ஷேர்டு பஃபர். கேச்டு தொகைக்குள்ளேயே அதுவும் அடக்கம், ஆனால் டேட்டாபேஸ் ஓடும் வரை அதை எடுத்து வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஸ்வாப் (ரேமுக்குப் பதிலாக டிஸ்கில் ஒதுக்கிய இடம்) இருந்தால் அங்கே தள்ளலாம், அவ்வளவுதான். ரேமிலேயே கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் போட்ட கோப்புகளும் இதே கணக்கில்தான் வரும். கூட்டிப் பார்த்தவருக்கு 9.4 ஜிபி இருப்பதாகத் தெரியும். புதிதாகக் கேட்பவருக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்லும் மெம்அவைலபிள் வரியோ 5 ஜிபி சொச்சம் என்கிறது. அந்த 4 ஜிபியை நம்பி இன்னொரு சர்வீஸை ஏற்றினால் ரேம் தீர்ந்தால் கெர்னல் ஏவும் ஓஓஎம் கில்லர் வந்து ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்றுவிடும்.

இந்த மெம்அவைலபிள் வரி ரிக் வான் ரீல் எழுதியது, 2014-இல் வந்த 3.14 கெர்னலில் சேர்ந்தது. கெர்னல் தனக்கென்று வைத்திருக்கும் இருப்பைக் கழித்துவிட்டு, கோப்புக் கேச்சையும் திரும்பப் பெறக்கூடிய ஸ்லாபையும் (கெர்னல் தன் சொந்தத் தரவுகளுக்கு எடுத்த மெமரி) சேர்த்துக்கொள்கிறது. அதையும் முழுசாகச் சேர்ப்பதில்லை; மெஷின் தடுமாறாமல் ஓடத் தேவையான பங்கை விட்டுவைக்கிறது. மதிப்பீடுதான் என்றாலும், ஒரே ஒரு எண்ணைப் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள்.

இப்போது குறை. கன்டெய்னருக்குள் (ஒரே மெஷினில் அப்ளிகேஷனைத் தனியாகப் பிரித்து ஓட்டும் அடைப்பு) உட்கார்ந்து மெம்இன்ஃபோவைப் படித்தால் பொதுவாக வெளியே இருக்கும் மெஷினின் கணக்குதான் வரும். 512 எம்பி வரம்பு போட்டிருப்போம், உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் 16 ஜிபி இருப்பதாக நினைத்துத் தன் கேச்சைப் பெருக்கும், வரம்பைத் தொட்டதும் சாகும். அங்கே வரம்பு போடும் கெர்னல் வசதியான சிகுரூப் தரும் மெமரி.மேக்ஸ், மெமரி.ஸ்டாட் இரண்டையும்தான் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு பிராசஸும் எவ்வளவு தின்கிறது என்று அறிய டாப் கட்டளையின் ரெஸ் பத்தியைக் (பிராசஸ் ரேமில் வைத்திருக்கும் அளவு) கூட்டாதீர்கள். ஷேர்டு பஃபரில் ஒரே பக்கத்தை இருபது பிராசஸ் தொட்டிருந்தால் இருபது தடவையும் எண்ணப்படும். பிஎஸ்எஸ் என்ற அளவு அதைப் பகிர்பவர்களுக்குள் பங்கு போட்டுச் சொல்கிறது. 4.14 கெர்னல் முதல், ப்ராக்கில் ஒவ்வொரு பிராசஸுக்கும் இருக்கும் ஸ்மாப்ஸ்_ரோல்அப் கோப்பு அந்தக் கூட்டுத்தொகையை நேரடியாகவே தருகிறது.

அப்புறம், 4.20 கெர்னலில் வந்த ப்ரெஷர் கோப்புகள் (சுருக்கமாக பிஎஸ்ஐ). எவ்வளவு ரேம் மிச்சம் என்பதை இவை சொல்லாது. ரேமுக்காகக் காத்திருந்து எவ்வளவு நேரம் வீணானது என்று சதவீதத்தில் சொல்லும். மெம்அவைலபிள் குறைந்து, ஃபுல் வரியின் (எல்லா வேலையும் ஒருசேர நின்ற நேரம்) ஏவிஜி60, அதாவது கடைசி 60 நொடிச் சராசரி, தொடர்ந்து ஏறினால்தான் இரவில் என் போன் அடிக்கும்படி வைத்திருக்கிறேன். சில டிஸ்ட்ரோக்களில் இது அணைத்தே வருகிறது; பூட் வரியில் பிஎஸ்ஐ=1 சேர்த்தால் கிடைத்துவிடும்.