மைனஸ் வந்தால் வாய் மூடும் லாகர்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு, கரண்ட் பில், கம்ப்யூட்டர் எல்லாம் என் தலையில்தான். ஐஸ் பார் உறைகிற பிரைன் தொட்டியில், அதாவது உப்புத்தண்ணித் தொட்டியில், ஒரு சென்சாரை இறக்கி, ராஸ்பெர்ரி பை என்கிற கையகலக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் டிகிரியைப் பதியவைத்திருக்கிறேன். பதிகிற ஆள், லினக்ஸோடு சும்மா வருகிற லாகர் (logger) கட்டளை. இரண்டு சீசன் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: ஐந்துக்கு நாலு.

1980-களில் பெர்க்லி யூனிக்ஸில் வந்த பழைய சரக்கு இது. ‘லாகர் -டி ஐஸ்’ (logger -t ice) என்று அடித்து, பக்கத்தில் சேதியைப் போட்டால் போதும். நேரம், மிஷின் பெயர் எல்லாம் ஒட்டிக்கொண்டு சிஸ்டம் லாகில், அதாவது கம்ப்யூட்டரின் பதிவேட்டில், உட்கார்ந்துவிடும். ‘ஜர்னல்சிடிஎல் -டி ஐஸ்’ (journalctl -t ice) என்று கேட்டால் நம் வரிகள் மட்டும் வரும். ஒன்றும் சொல்லாவிட்டால் ‘நோட்டீஸ்’ தரத்தில் பதியும். தொட்டி சூடேறினால் மட்டும் -பி (-p) போட்டு ‘வார்னிங்’ ஆக்கிவிடுகிறேன். மொத்தம் 8 தரம் உண்டு, எனக்கு இந்த இரண்டே போதும்.

இனி, குறைத்த அந்த ஒரு மார்க்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். போட்டும் இல்லை, ஐஸும் இல்லை. அந்த ஓய்வில் மே மாதம் இதையெல்லாம் மாட்டினேன். தொட்டித் தண்ணி 31 டிகிரி. லாகில் வரிசையாக 31, 31.2, 30.9. எனக்கு ஒரே பெருமை. தடை முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கம்ப்ரஸரைப் போட்டார்கள். பிறகு பார்த்தால் 2.6, 1.2, 0.3. அதோடு சரி. கீழே ஒரு வரி இல்லை.

சென்சாருக்குள் உப்புத்தண்ணி இறங்கிவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்தேன். வெயிலில் 33 காட்டி நன்றாகப் பதிந்தது. திரும்ப இறக்கினேன், மௌனம். எடுத்தால் பேசுகிறது, இறக்கினால் பேச மாட்டேன் என்கிறது. ஆபரேட்டர் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு, “என்ன தம்பி, ஒம் மிசினுக்குக் குளிர் ஆகாதோ?” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கடைசியில் கையால் அடித்துப் பார்த்தபோது ‘இன்வாலிட் ஆப்ஷன்’ என்று திட்டியது. நான் அனுப்பியது வெறும் எண். அது -1.2 ஆனதும், முன்னால் நிற்கிற கோட்டைப் பார்த்து -டி, -பி மாதிரி இதுவும் ஒரு ஆப்ஷன் என்று லாகர் எடுத்துக்கொண்டது. பிழைச் செய்தியை டெவ் நல் (/dev/null) என்கிற, போட்டதெல்லாம் மாயமாகிற குப்பைத்தொட்டியில் கொட்டச் சொன்ன புண்ணியவான் நானேதான். சேதிக்கு முன்னால் தனியாக இரண்டு கோடு, அதாவது ‘--’, போட்டதும் -8.4 வரை ஒழுங்காக இறங்கியது. "பிரைன் -8.4" என்று ஒரு சொல்லை முன்னால் வைத்து, மேற்கோள் குறிக்குள் ஒரே சேதியாகக் கொடுத்திருந்தாலும் இந்தப் பாடு வந்திருக்காது.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் போகட்டும் என்று -என் (-n) போட்டு அனுப்பினேன். அது யூடிபியில் போகும், அதாவது போய்ச் சேர்ந்ததா என்று கேட்காத வழியில். அங்கே மிஷின் அணைந்து கிடந்தாலும் இங்கே ஒரு முனகல் வராது. கடற்கரைக் காற்றில் கேபிள் முனை துருப்பிடித்து நாலு நாள் போனது தெரியவே இல்லை. பெரிய எழுத்து டி (-T) போட்டு, இணைப்பு கிடைத்த பிறகே அனுப்புகிற டிசிபிக்கு மாற்றினேன். மாற்றினால் போர்ட்டையும், அதாவது அந்தப் பக்கத்து வாசல் எண்ணையும், சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 514-ஐ விட்டு 601-ஐத் தட்டும். தமிழில் சேதி எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: அளவு 1024 பைட், நமக்கு ஒரு குறிக்கு 3 பைட் போகும். நீளமாக எழுதினால் வால் அறுபடும், --சைஸ் (--size) போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு சம்மாட்டி, அதாவது படகுக்காரர், வந்து, பார் நடுவில் தண்ணியாக நிற்கிறது என்று சத்தம் போட்டார். “லாகு இருக்குல்ல, எடுத்துக் காட்டு” என்றார் முதலாளி, தெம்பாக. எடுத்தேன். ராத்திரி 1.40-லிருந்து 4.15 வரை வரிசையாக வார்னிங், -3.1 வரை ஏறியிருந்தது. பத்து பாருக்குக் காசு கழித்தார்கள். அன்றைக்கு முழுக்க முதலாளி என்னோடு பேசவில்லை.