பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எது தோது: செக்கப்பா, பெட்டியா, செல்போனா?

பேஸ்மேக்கர் வைத்த சிலருக்கு இதயத்தின் மேலறை அவ்வப்போது தாறுமாறாகத் துடிக்கும். இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பல நேரம் படபடப்புகூடத் தெரியாது. ஆனால் உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அறிகுறி இல்லாமல் 6 நிமிடத்துக்கு மேல் இப்படித் துடித்தவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு என்று 2012-ல் வெளியான அசர்ட் ஆய்வு காட்டியது.

துடிப்பு தவறியதை பேஸ்மேக்கரே பதிவு செய்து வைத்திருக்கும்; அந்தப் பதிவை டாக்டர் பார்க்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழி நேரடி செக்கப். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ தோள்பட்டைக்குக் கீழே ஒரு கருவியை வைத்து, எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் துடிப்பு தவறியது என்று படித்துவிடுவார்கள். பேட்டரி, வயர், செட்டிங் எல்லாம் சரிபார்க்க இதுவே நல்லது. ஆனால் செக்கப் முடிந்த மறுவாரம் துடிப்பு தவறினால், அடுத்த தேதி வரைக்கும் யாருக்கும் தெரியாது. பேச்சிப்பாறையிலிருந்து பஸ் மாறி வரும் வயதானவர் தேதியைத் தள்ளிப்போடுவதும் சகஜம்.

இரண்டாவது, கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் பெட்டி. ராத்திரி தூங்கும்போது அதுவே பேஸ்மேக்கரைப் படித்து, செல்போன் டவர் வழியாக அனுப்பிவிடும். எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டாம். பிள்ளைகள் வளைகுடாவில், அம்மா மட்டும் வீட்டில் என்று இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். மலையோரம் என்றால், கட்டில் கிடக்கும் இடத்தில் சிக்னல் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

செல்போன் ஆப், ப்ளூடூத் உள்ள புது பேஸ்மேக்கர்களுக்கு மட்டுமே. வேலைக்காக அலைபவர்களுக்குச் சௌகரியம். தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு, கரைக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகுதான் தகவல் போகும். போன் பேரன் கையிலேயே இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் யோசிக்கும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: மேலறையில் வயர் இருக்கிறதா? கீழறையில் மட்டும் ஒரே வயர் உள்ள சாதாரண பேஸ்மேக்கரால் மேலறைத் துடிப்பைப் பார்க்க முடியாது. அதை நம்பிப் பெட்டிக்குச் செலவு செய்வது வீண்.

அப்புறம், கீழறைத் துடிப்பையே மேலறையினுடையது என்று கருவி தப்பாக எண்ணுவதும் உண்டு. பதிவை டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். 2023-ல் வந்த ஆர்ட்டீசியா ஆய்வில், ரத்தம் கட்டாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை பக்கவாதத்தைக் குறைத்தது, ரத்தக்கசிவைக் கூட்டியது. அதனால் அலர்ட் வந்ததுமே நாமாக மாத்திரை தொடங்கக் கூடாது. வாய் கோணினால், கை விழுந்தால் பெட்டிக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாங்கும்போதே, வரும் தகவலை ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.