திரையில் 3 எக்ஸ், உள்ளே வேறு லென்ஸ்: பதினேழு மாத அனுபவம்

போன வாரம்தான் சர்வீஸிலிருந்து போன் திரும்பி வந்தது. அதே வாரம் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் நண்பன் கூப்பிட்டான். "மச்சான், உன் போன் விலை இறங்கிடுச்சு. நீ 84,000 குடுத்த, இப்ப 58,000தான். எடுக்கலாமா?" என்றான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. "எழுதி அனுப்புறேன், படிச்சிட்டு முடிவு பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

திரை, பேட்டரி, வேகம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. காலையில் முழுசாக சார்ஜ் ஏற்றினால் இரவு வரை தாங்குகிறது. நான் இதை வாங்கியது பின்னால் இருக்கும் மூன்று லென்ஸுக்காக. அதிலும் கடைசியாகக் கீழே இருக்கும், தூரத்தில் இருப்பதை மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும் அந்த 3 எக்ஸ் லென்ஸுக்காக.

காரணம் நடுகல். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரை, வயல் வரப்பு, புளியமரத்தடி என்று எங்கே போனாலும் ஒரு நடுகல் இருக்கும். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு நட்ட கல். வில்லும் வாளுமாக அவன் நிற்பான், பழைய கல்லாக இருந்தால் அந்தக் காலத்தில் தமிழ் எழுதிய வட்டெழுத்தில் சில வரியும் இருக்கும். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு இந்தக் கற்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது பத்து வருடப் பழக்கம்.

இந்தக் கற்களில் பலவும் இன்றைக்கும் சாமி. வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மேலே சிமெண்ட் கூரை போட்டு ஒரு சின்ன அறை கட்டியிருப்பார்கள். கல் முழுக்க எண்ணெய், மஞ்சள், குங்குமம். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கலாம், உள்ளே போய்க் கல்லைத் தொட்டுத் தடவிப் படிக்க முடியாது. அப்படிச் செய்யவும் கூடாது. ஏழெட்டு அடி தள்ளி நின்றுகொண்டு விரல் அகல எழுத்தைப் படம் பிடிக்க வேண்டும். பழைய போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து மாவு மாதிரி கரைந்துவிடும்.

வாங்கிய முதல் மாதம் அரூர் பக்கம் ஒரு ஏரிக்கரைக் கல்லுக்குப் போனேன். சாயங்காலம் நாலரை மணி. வெயில் பக்கவாட்டில் விழுந்தது. முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று 3 எக்ஸ் தொட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் நாலு வருடமாக எனக்குப் பிடிபடாத இடத்தில் "தொறு" என்ற சொல் தெளிவாக நிற்கிறது. மாட்டு மந்தைக்கு அந்தக் காலத்துச் சொல். அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. 84,000 ரூபாயும் அந்த ஒரு சொல்லுக்கே சரியாகப் போயிற்று என்று மனைவியிடம் சொன்னேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

பிரச்சினை இருட்டில்தான் தொடங்கியது.

பென்னாகரம் போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு வேடியப்பன் கோயில். பகலிலும் அறைக்குள் ஒரு அகல் வெளிச்சம்தான். பூசாரி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் 3 எக்ஸ் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். வியர்வையில் போன் வழுக்கியது. ஆள்காட்டி விரல் நழுவிக் கீழ் லென்ஸை முழுசாக மூடிவிட்டது. திரை இருண்டிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. வீரன் அப்படியே நிற்கிறான். விரலை எடுத்தேன், மூடினேன். எந்த மாற்றமும் இல்லை. நடு லென்ஸை மூடிப் பார்த்தேன். அப்போது இருண்டது. திரையில் மட்டும் 3 எக்ஸ் என்று மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது.

பூசாரியிடம் காட்டினேன். "ஏன் வாத்தியாரே, கண்ண மூடினாலும் அதுக்குத் தெரியுதா?" என்று கேட்டார்.

நடந்தது என்னவென்றால், வெளிச்சம் குறைந்தால் இந்தப் போன் 3 எக்ஸ் லென்ஸைப் பயன்படுத்தாது. நடுவில் இருக்கும் பெரிய கேமராவில் எடுத்து, அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தரும். பெரிய கேமராவின் துளை எஃப் 1.8, 3 எக்ஸ் லென்ஸின் துளை எஃப் 2.4. இந்த எண் பெரிதானால் துளை சிறிது என்று அர்த்தம். அதனால் 3 எக்ஸ் லென்ஸில் அதே அளவு பரப்பில் அதே நேரத்தில் விழும் ஒளி ஏறக்குறைய பாதிதான். ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரும் சிறியது. அதனால் இருட்டில் 3 எக்ஸ் படம் புள்ளி புள்ளியாக வரும். வெட்டி எடுத்தால் கொஞ்சம் சுத்தமாகத் தெரியும் என்று போனே முடிவு செய்துகொள்கிறது. கல்லுக்கு ரொம்பக் கிட்டே போனாலும் இதே கதைதான், 3 எக்ஸ் லென்ஸால் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்க முடியாது. இது இந்த ஒரு கம்பெனியின் வேலை மட்டும் இல்லை, பல லென்ஸ் வைத்த போன்கள் பலவற்றில் இதுதான் வழக்கம்.

நியாயமாகச் சொன்னால், பிள்ளையின் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படம் எடுப்பவருக்கு இது நல்லதுதான். எனக்கு நல்லது இல்லை. கணக்குப் பாருங்கள். 50 மெகாபிக்சல் சென்சாரில் மூன்று மடங்கு பெரிதாக்க வெட்டினால் மிஞ்சுவது ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை மெகாபிக்சல். அதை ஊதி 12 மெகாபிக்சலாக்கி, ஓரங்களைக் கூர்மையாக்கிக் கொடுக்கிறது. கூர்மையாக்கும்போது கருங்கல்லின் சொரசொரப்பும் கோடாகிவிடுகிறது. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். ஒரு சின்ன வளைவை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்த வளைவு உளி செதுக்கியதா, போன் வரைந்ததா என்று தெரியாமல் நான் எதைப் படிப்பது?

அன்றிரவு பழைய படங்களை எல்லாம் திறந்து உட்கார்ந்தேன். படத்தின் விவரத்தில் குவியத்தூரம் என்று ஓர் எண் இருக்கும். எந்த லென்ஸ் எடுத்தது என்பது அதில் தெரிந்துவிடும். 3 எக்ஸ் என்று நம்பி எடுத்த 212 படங்களில் 139 படங்கள் நடு லென்ஸில் எடுத்தவை. என் நோட்டில் அவற்றைப் பார்த்து நான் எழுதிய வாசிப்புகளை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. லென்ஸை மாற்றிக்கொள்ளட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றினால் திரையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. ப்ரோ மோடுக்குப் போய் லென்ஸை நாமே தேர்ந்தெடுத்து, ரா ஃபைலாக எடுத்தால் போன் கை வைக்காத படம் கிடைக்கும். ஆனால் கேமராவை மூடித் திறந்தால் மறுபடி நடு லென்ஸுக்குப் போய்விடும். ஒவ்வொரு கல்லுக்கும், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். மறந்தால் போச்சு. இந்தப் பதினேழு மாதத்தில் நான் பலமுறை மறந்திருக்கிறேன்.

இன்னொரு வழி கண்ணாடி. முகம் பார்க்கும் சாதாரணக் கண்ணாடி. பென்னாகரம் கோயிலில் பூசாரியின் பேத்தி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று அதைப் பிடித்தாள். வெயிலைத் திருப்பிக் கல்லின் இடது ஓரத்தில் சாய்வாக அடிக்கச் சொன்னேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் இறங்கி எழுத்து எழுந்து நிற்கும். அவள் கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப, வெளிச்சம் வீரனின் முழங்காலிலிருந்து ஏறி எழுத்து வரிக்கு வந்தது. அந்த நொடி திரையில் படம் லேசாகத் துள்ளி ஒரு பக்கம் நகர்ந்தது. அந்தத் துள்ளல்தான் அடையாளம். உண்மையான 3 எக்ஸ் லென்ஸ் அப்போதுதான் கண் திறக்கிறது. அன்றைக்கு எடுத்ததில் இரண்டு வரி சுத்தமாக வந்தது. இரண்டாவது வரி "பட்டான்" என்று முடிகிறது. சண்டையில் விழுந்தான் என்று அர்த்தம்.

அப்புறம் அந்த லென்ஸே பழுதானது. பதினாறாவது மாதம் 3 எக்ஸ் வைத்தால் படம் தண்ணீரில் தெரிவது போல நடுங்கியது, காதருகே வைத்தால் டிக் டிக் என்று சத்தம். இதில் தவறு என்னுடையது. வழி பார்க்க பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு மண் ரோட்டில் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். கைநடுக்கத்தைச் சரிசெய்ய உள்ளே லென்ஸ் அசையும்படி வைத்திருக்கிறார்கள். போன் ஆடினால் காந்தம் அதை எதிர்ப்பக்கம் நகர்த்தும். இஞ்சின் அதிர்வு மாதக் கணக்கில் நேராக ஏறினால் அது தாங்காது. ஆப்பிள் 2021 செப்டம்பரிலேயே பைக் இஞ்சின் அதிர்வு பற்றித் தன் போன்களுக்கு இந்த எச்சரிக்கையைக் கொடுத்திருக்கிறது. மாட்டுவதற்கு முன் நான் தேடிப் பார்த்திருக்க வேண்டும். இப்போது போன் சட்டைப் பையில்தான் போகிறது.

வாரண்டி முடிந்திருந்தது. 3 எக்ஸ் லென்ஸை மட்டும் மாற்ற முடியாது, மூன்றும் சேர்ந்த தொகுதியாகத்தான் மாற்றுவார்கள். 11,800 ரூபாய், பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் பழைய போன் கையில் இருந்தது. ஒரே லென்ஸ். ஒரு ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு காரிமங்கலம் பக்கம் போனேன். படம் சுமார்தான். ஆனால் எந்த லென்ஸ் எடுக்கிறது என்று ஒரு முறைகூட விரலால் மூடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நிம்மதியாகக் கல்லைப் பார்த்தேன்.

சரி, மச்சான், உனக்குப் பதில். வெயிலில் இதைப் போல எடுக்கும் போன் என் கையில் இதுவரை வந்ததில்லை. உன் மாந்தோப்பு, உன் பேத்தி, ஆலை வாசலில் நிற்கும் லாரி வரிசை எல்லாம் அழகாக வரும். ஆனாலும் வாங்காதே. பன்னிரண்டு நாள் பழைய போனோடு இருந்துவிட்டு இதை மறுபடி கையில் எடுத்ததும், முதல் வேலையாக விரல் தானாகப் போய்க் கீழ் லென்ஸை மூடிப் பார்த்தது. 58,000 கொடுத்து அந்தப் பழக்கம் உனக்கு வர வேண்டாம்.

என்னுடையதை விற்பாயா என்று மட்டும் கேட்காதே. பென்னாகரம் கல்லில் மூன்றாவது வரி இன்னும் பாக்கி. வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடியோடு வரச் சொல்லியிருக்கிறாள் பூசாரியின் பேத்தி. அந்த நேரத்துக்குத்தான் வாசல் வழியாக வெயில் விழுமாம்.