லத்தீன் வேர் தேட எது தோது: பண்டிகைப் பெயரா, குடும்பப் பெயரா?

எளிமை: பண்டிகைப் பெயர்தான். பிறந்தநாளைச் சொல்லும் லத்தீன் 'நட்டாலிஸ்' கிறிஸ்துமஸுக்கு ஆகி, இத்தாலியில் நட்டாலே, கட்டலானில் (ஸ்பெயினின் வடகிழக்கில் பேசும் மொழி) நடால், பிரெஞ்சில் நோயெல் ஆயிற்று. உயிரொலிகளுக்கு நடுவே நின்ற வல்லொலி 'ட்' இத்தாலியில் நிலைத்தது, கட்டலானில் மெலிந்தது, பிரெஞ்சில் அடியோடு போயிற்று. கிறிஸ்துமஸுக்கான ஸ்பானியச் சொல் நவிடாட்டை இந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள்; அது 'நட்டிவிட்டாஸ்' என்ற வேறு சொல்லின் வழி. (டென்னிஸ் வீரர் நடாலின் குடும்பப் பெயரும் பண்டிகையே.)

வளம்: குடும்பப் பெயருக்கு ஈடில்லை. கொல்லர் ஒருவருக்கே இரண்டு வேர்: 'ஃபாபெர்' தந்தவை ஃபாப்ரி, லெஃபெவ்ர், 'ஃபெர்ராரியுஸ்' தந்தவை ஃபெர்ராரி, எர்ரேரோ. ஸ்பானியத்தில் சொல்முதல் ஃப முதலில் ஹ ஆனது, பிறகு அந்த ஹ எழுத்தில் மட்டும் மிஞ்சியது; எர்ரேரோ அப்படி வந்ததுதான்.

ஏமாற்றும் இடம்: லெஃபெவ்ர் பெயரை எழுதும்போது சிலர் நடுவில் சேர்க்கும் 'ப' உச்சரிப்பில் இல்லை. லத்தீனை நினைத்து எழுத்தர்கள் செருகியது அது. ஃபெர்னான்டெஸ் ஸ்பானியக் குடும்பப் பெயர்தான், ஆனால் லத்தீன் அல்ல, ஜெர்மானிய வேர். பண்டிகைப் பக்கம் ஈஸ்டரைச் சொல்லும் ஸ்பானிய பாஸ்குவா, பிரெஞ்சு பாக் இரண்டும் எபிரேயத்திலிருந்து கிரேக்கம் வழியாக லத்தீனுக்கு வந்தவை.

ஒலிமாற்ற விதியைப் பிடிக்கப் பண்டிகைப் பெயர் போதும். வட்டாரம், தொழில் என்று தோண்டுகிறவர்கள் குடும்பப் பெயரை எடுங்கள். எழுத்தை நம்பாமல் உச்சரிப்பைக் கேளுங்கள்.