ஆவின் பாலகம்: தினசரி சாப்பாட்டுக்கு எந்த பாக்கெட் வாங்கலாம், எதை எப்பவாச்சும் வாங்கலாம்

ஆவின் பாலகம் பத்தி ரிவ்யூ தேடினா பாதி பால்கோவா பத்தி இருக்கு, மீதி ஐஸ்கிரீம் பத்தி இருக்கு, தினமும் விடியக்காலைல வீட்டு வாசலுக்கு வர்ற பால் பாக்கெட்ட பத்தி யாரும் பெருசா எழுதுறதில்ல. ஆனா ஒரு குடும்பத்தோட உடம்புக்கு அந்த பாக்கெட்தான் முக்கியம், ஏன்னா பால்கோவா மாசத்துக்கு ஒருதரம், பால் தினமும். அதனால டேஸ்ட்டை ரெண்டாவதா வச்சுட்டு சாப்பாட்டு கணக்குல இந்த ரிவ்யூவ எழுதுறேன்.

முதல்ல எவ்ளோ வேணும்னு பாத்துடலாம். ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல புதுசா உணவு வழிகாட்டி வெளியிட்டாங்க, அதுல 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு பாலோ தயிரோ சேத்து 300 மில்லினு சொல்றாங்க. அதே தட்டுல காய்கறி 400 கிராம், தானியம் 250, பருப்பு வகை 85, பழம் 100, எண்ணெய் நெய் எல்லாம் சேந்து 27 கிராம். அதாவது பால் அந்த தட்டுல ஒரு பங்கு, அவ்ளோதான், பாலை மட்டும் குடிச்சா எல்லாம் சரியாயிடும்னும் இல்ல, பாலே விஷம்னு வாட்ஸ்அப்ல வர்றதும் இல்ல. 300 மில்லினா கிட்டத்தட்ட 10 கிராம் புரதம், 350 மில்லிகிராம் கால்சியம், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு தேவைனு சொல்ற 1000 மில்லிகிராம்ல மூணுல ஒரு பங்கு இதுலயே வந்துடுது. சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு இன்னொரு விஷயம், வைட்டமின் பி12 செடி கொடில கிடைக்காது, அவங்களுக்கு தினசரி சாப்பாட்டுல அது வர்ற வழி பாலும் தயிரும்தான்.

நம்ம வீட்டு பழக்கத்துல இந்த 300 மில்லி கஷ்டமே இல்ல. காலைல ஒரு காபி, சாயங்காலம் ஒரு காபி, நல்லா பால் விட்டு போட்டா அதுலயே 150 மில்லி கிட்ட போயிடும், ராத்திரி தயிர் சாதத்துக்கு ஒரு கப் தயிர் போட்டா கணக்கு முடிஞ்சது. ஆனா நாலு பேர் இருக்குற வீட்ல அரை லிட்டர் பாக்கெட் ஒண்ணே ஒண்ணு வாங்கி, அதுலயே காபியும் போட்டு, மிச்சத்துல தயிருக்கும் உறை ஊத்தி ஓட்டுறது ரொம்ப சகஜம், அங்க ஆளுக்கு 125 மில்லிதான் வருது, அதுலயும் யாருக்கு குறையுதுனு பாத்தா பெரும்பாலும் கடைசியா சாப்பிடுற அம்மாவுக்குதான். கால்சியம் ரொம்ப தேவைப்படுற ஆள் அவங்க, டம்ளர்ல அடில இருக்குற காபிய குடிச்சுட்டு போறதும் அவங்கதான். இத வீட்ல இருக்குறவங்க கவனிக்கணும், ப்ளீஸ்.

இப்ப பாக்கெட் கலர். நீலம் டோன்டு பால், அதாவது சமன்படுத்தினது, கொழுப்பு 3 சதவீதம். ஊதா டிலைட், 3.5 சதவீதம். பச்சை நிலைப்படுத்தின பால், 4.5 சதவீதம். ஆரஞ்சு நிறை கொழுப்பு, 6 சதவீதம். ரோஸ் கலர்ல வர்றது இருமுறை சமன்படுத்தினது, 1.5 சதவீதம். இதோட கொழுப்பில்லாத மத்த சத்து, அதான் எஸ்என்எஃப்னு சொல்றாங்களே, புரதம், கால்சியம், லாக்டோஸ்ங்குற பால் சர்க்கரை எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, அது நீலம் ஊதா பச்சைல 8.5, ஆரஞ்சுலயும் ரோஸ்லயும் 9. கிராமத்து சொசைட்டில மாட்டுக்காரங்க பால் ஊத்தும்போது இதே கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் டெஸ்ட் பண்ணிதான் அவங்களுக்கு காசு போடுறாங்க, பாக்கெட்ல போட்ருக்குறதும் அதே ரெண்டு நம்பர். அத ஒருதரம் படிச்சு வச்சுக்கிட்டா எந்த பிராண்டு பாக்கெட் கைக்கு வந்தாலும் குழப்பமே வராது.

அந்த ரெண்டாவது நம்பர நல்லா பாருங்க. கலர் மாறினாலும் அது பெருசா மாறல. நீலத்துல இருக்குற புரதமும் கால்சியமும்தான் ஏறக்குறைய ஆரஞ்சுலயும் இருக்கு. 2022 நவம்பர்ல ஆரஞ்சு பாக்கெட்டோட சில்லறை விலைய லிட்டர் 48ல இருந்து 60 ரூபாயா ஏத்தினாங்க, நீலம் அப்ப 40 ரூபா, அந்த விலைப்படி பாத்தா நீங்க லிட்டருக்கு கூடுதலா குடுக்குற 20 ரூபா கிட்டத்தட்ட முழுக்க 30 கிராம் கொழுப்புக்கு போகுதுனு வச்சுக்கலாம். 300 மில்லி கணக்குல நீலத்துல 9 கிராம் கொழுப்பு, ஆரஞ்சுல 18. உடம்பு உழைப்பு கம்மியா உக்காந்தே வேலை பாக்குறவங்க, கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறவங்க, இவங்கல்லாம் "ஆரஞ்சுதான் ஸ்ட்ராங்கு"னு நினைச்சு வாங்குறது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு, காபி கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கும்னு வாங்கினா அது வேற, ருசிக்கு வாங்குறேன்னு தெரிஞ்சு வாங்குங்க, சத்துக்குனு நினைச்சு வாங்காதீங்க.

நீல பாக்கெட்ட "தண்ணி பால்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. டோன்டு பால்ங்குறது 1940கள்ல பம்பாய்ல குரோடி அப்படிங்குற பால்வள அதிகாரி கொண்டுவந்தது, கொழுப்பு அதிகமா இருக்குற எருமைப் பால்ல கொழுப்பு எடுத்த பால் பவுடரும் தண்ணியும் சேத்து, கொழுப்பு மட்டும் குறையுற மாதிரியும் மத்த சத்து குறையாத மாதிரியும் சரிபண்ணி, அதே பாலை இன்னும் நிறைய பேருக்கு கம்மி விலைல குடுக்குறதுக்காக செஞ்சது. பால்காரர் கேன்ல தண்ணி கலக்குறதும் இதுவும் ஒண்ணு இல்ல, அதுல எல்லா சத்தும் நீத்துப் போகும், இதுல கொழுப்பு மட்டும்தான் குறையுது.

என் தீர்ப்பு என்னன்னா, பெரியவங்க மட்டும் இருக்குற வீட்டுக்கு நீலம் இல்ல ஊதா, தினசரிக்கு அதுவே தாராளம். சின்ன பசங்க, ஒல்லியா எடை ஏறாம இருக்குறவங்க, ஸ்போர்ட்ஸ் விளையாடுற பிள்ளைங்க இருந்தா அவங்களுக்கு மட்டும் பச்சையோ ஆரஞ்சோ தனியா வாங்கலாம். பாயசம், வீட்லயே பன்னீர் எடுக்குறது, திரட்டுப்பால் கிளறுறது, இதுக்கெல்லாம் கண்ணை மூடிட்டு ஆரஞ்சுதான், நீலத்துல கிளறினா கை வலிதான் மிச்சம். ரோஸ் பாக்கெட் டாக்டர் கொழுப்ப குறைக்க சொன்னவங்களுக்கு நல்லது, காபி மட்டும் கொஞ்சம் வெளிறி போயிரும், டீல அவ்வளவா தெரியாது.

தயிருக்கு வர்றேன். பாலகத்துல பாக்கெட் தயிரும் கப் தயிரும் நல்லாவே இருக்கு, கெட்டியா இருக்கும், அதிகம் புளிக்காது, அவசரத்துக்கு கைகுடுக்கும். ஆனா தினமும் தயிர் சாப்பிடுற வீடா இருந்தா பாலை வாங்கி வீட்லயே உறை ஊத்துறதுதான் காசுக்கும் நல்லது ருசிக்கும் நல்லது. நீல பாக்கெட்ல தயிர் நீர்க்க வருதுனு சொல்வாங்க, பாலை பொங்கினதும் இறக்கிடாம சிம்ல கொஞ்ச நேரம் விட்டு, விரல் வச்சா பொறுக்குற சூட்டுல ஒரு சின்ன ஸ்பூன் உறைமோர் விட்டு, அதுக்கப்புறம் பாத்திரத்த அசைக்காம மூடி வச்சா நல்லாவே உறையும், ஏசி ரூம்லயோ மார்கழி குளிர்லயோ மட்டும் ஒரு துணி சுத்தி வைங்க. ஊதால இன்னும் நல்லா வருது, பச்சைல கத்தில வெட்டி எடுக்கலாம்.

பால் குடிச்சா வயிறு உப்புசம், லூஸ் மோஷன் ஆகுறவங்க நம்ம பக்கம் நிறைய பேர் இருக்காங்க, வளந்ததுக்கு அப்புறம் லாக்டோஸ ஜீரணிக்கிற என்சைம் குறைஞ்சு போறதால வர்றது அது, தென்னிந்தியால ரொம்ப சாதாரணம். அவங்க பாலை விட்டுட்டு தயிருக்கு மாறினா பெரும்பாலும் ஒத்துக்கும், ஏன்னா உறைஞ்சதுல இருக்குற பாக்டீரியா லாக்டோஸ்ல ஒரு பங்க ஏற்கனவே தின்னு முடிச்சிருக்கும். பன்னீரும் அவங்களுக்கு பரவால்ல, லாக்டோஸ்ல பெரும்பகுதி பால் திரியும்போது பிரியுற அந்த பச்சை தண்ணியோடயே வெளிய போயிடுது. தயிரும் ஒத்துக்கலனா கேப்பைக் களி, முருங்கைக்கீரை, எள்ளு, அசைவம் சாப்பிடுறவங்களுக்கு முள்ளோட நெத்திலி, இதுலயும் கால்சியம் நல்லா கிடைக்கும், பால் இல்லாம வாழவே முடியாதுனு பயப்பட வேண்டாம்.

மோர் பாக்கெட் பத்தி ஒண்ணு சொல்லணும். வெயில் காலத்துல பாலகத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச ஐட்டம் அதுதான், இஞ்சி பச்சமிளகா கறிவேப்பிலை வாசனையோட ஜில்லுனு இறங்கும், கலர் சோடாவோட வச்சு பாத்தா எவ்ளோவோ மேல், சர்க்கரை கிடையாது. ஆனா இத 300 மில்லி கணக்குல சேக்காதீங்க. ஒரு பங்கு தயிருக்கு மூணு நாலு பங்கு தண்ணினு வச்சா ஒரு டம்ளர் மோர்ல 50 மில்லி தயிர்தான் இருக்கும், அது தாகத்துக்கு, எலும்புக்குனு சொல்ல முடியாது. பிபி இருக்குறவங்க அதுல உப்பு இருக்குனு ஞாபகம் வச்சுக்கணும், வீட்ல உப்பு கம்மியா போட்டு நீர்மோர் கரைச்சுக்குறது அவங்களுக்கு சேஃப்.

குழந்தைங்க விஷயத்துல கொஞ்சம் அழுத்தி சொல்றேன். ஒரு வயசுக்குள்ள இருக்குற குழந்தைக்கு தாய்ப்பாலுக்கு பதிலா எந்த கலர் பாக்கெட் பாலும் வேண்டாம். அதுக்கு மேல, சாப்பாடு இறங்கலயா சரி பாலாவது குடிக்கட்டும்னு நாலு டம்ளர் அஞ்சு டம்ளர் குடுக்குறாங்க, வயிறு பாலால நிறைஞ்சு சோறு பருப்பு கீரை முட்டை எதுக்கும் இடமில்லாம போயிடுது, பால்ல இரும்புச்சத்து ரொம்ப கம்மி, பிள்ளை பாக்க கொழுகொழுனு இருக்கும், ரத்தசோகை உள்ள இருக்கும். ரெண்டு டம்ளர் போதும், மிச்சம் சாப்பாடு. அந்த ரெண்டு டம்ளர்ல சாக்லேட் பவுடர கொட்டுறதும் வேண்டாமே, அந்த டப்பாவ திருப்பி சர்க்கரை எவ்ளோனு ஒருதரம் படிங்க. பெரியவங்களுக்கும் இதே இரும்புச்சத்து விஷயம் இருக்கு, சாப்பிட்ட கையோட காபி டீ குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளி குடிச்சா கீரை பருப்புல இருக்குற இரும்பு உடம்புல சேரும்.

பாலகத்துல முன்னாடி கண்ணுல படுற மாதிரி இருக்குறதெல்லாம் பால்கோவா, மைசூர்பா, பாதாம் பால், ஐஸ்கிரீம். நல்லா இருக்கா? ரொம்ப நல்லா இருக்கு, பால்கோவா மணல் மணலா வாய்ல கரையும், விருந்தாளி வந்தா தைரியமா வாங்கி வைக்கலாம். ஆனா இத பால் பொருள் சாப்பிட்டோம்னு கணக்கு காட்ட முடியாது, ஸ்வீட் சாப்பிட்டோம்னுதான் எழுதணும். நெய்யும் அப்படித்தான். ஆவின் நெய் வாசனைக்கு நான் முழு மார்க் குடுப்பேன், ஒரு ஸ்பூன் பருப்பு சாதத்துல விட்டா வீடே மணக்கும், ஆனா நெய்ல புரதம் கிடையாது, கால்சியம் கிடையாது, அது அந்த 27 கிராம் எண்ணெய் கணக்குல வரவேண்டிய ஆள். ஒரு டீஸ்பூன் 5 கிராம், 45 கலோரி. நெய் நிறைய சாப்பிடுறேன் எலும்பு கெட்டியாகும்னு சொல்ற தாத்தா பாட்டிகளுக்கு பொறுமையா எடுத்து சொல்லுங்க, நெய்ய குறைச்சு அந்த இடத்துல ஒரு கப் தயிர் குடுத்தா அவங்க நினைக்கிறது நடக்கும்.

கடைய பத்தி சொல்லலனா ரிவ்யூ முழுசாகாது. நான் போற பாலகத்துல இருக்குற அக்கா பாக்கெட்ட ஃப்ரிட்ஜ்ல இருந்துதான் எடுத்து தருவாங்க, தேதிய நாம கேக்காமலே காட்டுவாங்க, பால் கடைல இத விட பெருசா ஒரு குணம் எனக்கு தேவையில்ல. எந்த பிராண்டா இருந்தாலும் பாக்கெட் பால் பாஸ்சரைஸ் பண்ணினதுதான், 72 டிகிரில 15 செகண்டுனு ஒரு கணக்கு இருக்கு, கிருமிய கொன்னுட்டு உடனே குளிர வச்சுடுவாங்க, அதுக்கப்புறம் அது கெடுறது பெரும்பாலும் வெளிய வெயில்ல டிரேல கிடக்குறதாலதான். அதனால காலைல வாசல்ல பை தொங்க விட்டு எட்டு மணி வரைக்கும் எடுக்காம இருக்காதீங்க. வீட்ல மணிக்கணக்கா திரும்ப திரும்ப காய்ச்சவும் வேண்டாம், பி வைட்டமின் கொஞ்சம் கொஞ்சமா போயிடும், ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சா போதும்.

சென்னைல இருக்குறவங்க மாசாந்திர பால் கார்டு போட்டுக்கோங்க, சில்லறை விலைய விட லிட்டருக்கு குறைச்சலா வரும், 2022ல ஆரஞ்சு விலை ஏறினப்ப கூட கார்டு வச்சிருந்தவங்களுக்கு பழைய 46 ரூபாதான். அதுல மிச்சமாகுற காசுல வாரத்துக்கு இன்னொரு அரை லிட்டர் நீல பாக்கெட் சேத்து வாங்கி தயிருக்கு போடுங்க, அந்த முதல் கப் அம்மாவுக்கு.