பேஸ்பால் தெரியாதவனும் படிக்க வேண்டிய ஒரு தொழிற்சங்கத் தலைவரின் தன்வரலாறு

நான் பேஸ்பால் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பதினேழு வருடம் ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்து வந்தவன் என்பதால்தான் மார்வின் மில்லரின் ‘எ ஹோல் டிஃபரன்ட் பால் கேம்’ (1991) புத்தகத்தை வாங்கினேன். முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மில்லர் உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் பொருளாதார நிபுணராக இருந்தவர். 1966-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தார். அப்போது ஒரு வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். அதைவிடக் கொடுமை ரிசர்வ் விதி. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அந்த கிளப்பை விட்டுப் போக முடியாது. கிளப் நினைத்தால் அவரை இன்னொரு ஊருக்கு மாற்றிவிடலாம். இந்த விதி போனால் ஆட்டமே அழிந்துவிடும் என்று வீரர்களிலேயே பலர் நம்பினார்கள். முதலாளி சொன்னதை உறுப்பினரே திருப்பிச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது டாப்ஸ் கதை. வீரர்களின் படம் போட்ட அட்டைகளை விற்கும் அந்தக் கம்பெனி, ஆளுக்கு வருடம் 125 டாலர் கொடுத்து வந்தது. மில்லர் போய்க் கேட்டபோது அசையவில்லை. சரி, யாரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம், படத்துக்கும் நிற்க வேண்டாம் என்று வீரர்களிடம் சொன்னார். கடைசியில் கம்பெனியே இறங்கி வந்தது: 250 டாலர், அதற்கு மேல் விற்பனையில் பங்கு. சேர்ந்து நின்றால் என்ன கிடைக்கும் என்பதை வீரர்கள் கண்ணால் பார்த்த முதல் பாடங்களில் ஒன்று அது. 1972-இல் ஓய்வூதியத்துக்காக 13 நாள் வேலைநிறுத்தம் செய்யும் துணிச்சல் இப்படித்தான் சிறுகச் சிறுக வந்தது.

கர்ட் ஃப்ளட் வரும் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். தன்னைக் கேட்காமல் வேறு கிளப்புக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குப் போட வந்தவர் அவர். தோற்க வாய்ப்பு அதிகம், ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடலாம், ஜெயித்தாலும் பலன் மற்றவர்களுக்குத்தான் என்று மில்லர் மறைக்காமல் சொல்கிறார். ஃப்ளட் அப்படியும் போனார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தோற்றது. உறுப்பினரிடம் கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லும் தலைவர் அபூர்வம்.

1975 டிசம்பரில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பு ரிசர்வ் விதியை உடைத்தது. இனி எல்லா வீரருக்கும் ஒவ்வொரு வருடமும் விடுதலை, அதாவது கிளப்பை விட்டு விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை வேண்டும் என்று சங்கம் கேட்டிருக்கலாம். மில்லர் கேட்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் சம்பளம் விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஆறு வருடம் ஆடியவர்களுக்கு மட்டும் என்று முடிந்தது. நானாக இருந்தால் வென்றதை முழுசாக வாங்கி வந்து உறுப்பினர்களிடம் கைதட்டு வாங்கியிருப்பேன். அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி படிக்கிறேன்.

குறையும் உண்டு. பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவராக இருந்த கமிஷனர் போவி கூன் மேல் உள்ள கோபம் அளவுக்கு மேல் நீள்கிறது. எதிர்த்தரப்பு ஏன் அப்படி நடந்துகொண்டது என்று அறிய விரும்புகிறவருக்கு அந்தப் பக்கங்கள் உதவாது. வீரர்களின் பெயர்களும் அறிமுகமில்லாமல் வந்து குவிகின்றன. பேஸ்பால் தெரியாதவர் முதல் வாசிப்பில் தடுமாறுவார். தெரியாத பெயரைத் தாண்டிப் போங்கள், கதை விட்டுப்போகாது.

அப்புறம் ஒன்று: 2012-இல் 95 வயதில் இறந்த மில்லரை, பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் தேர்ந்தெடுத்தது 2019 டிசம்பரில்தான். என் பிரதி இப்போது எங்கள் சங்கத்தில் புதிதாகப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு வந்திருக்கும் பெண்ணிடம் இருக்கிறது. டாப்ஸ் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.