நீளும் குழலும் நீலகிரி ஈரமும்

ஸூம் இல்லாத நிக்கான் 500 எம்எம் எஃப்5.6 பிஎஃப் (ஃபேஸ் ஃப்ரெனெல் கண்ணாடி வைத்த) லென்ஸ் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியதிலிருந்து, காட்டுயிர் படமெடுப்பவர்களிடையே 150-600 எம்எம் ஸூமைத் தள்ளிவிட்டு அதை வாங்கலாமா என்ற கேள்வி ஓயவில்லை.

வெளிச்சத்துக்காக என்றால் வேண்டாம். ஸூமின் எஃப்6.3 திறப்புக்கும் இதன் 5.6-க்கும் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம் (எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). கோத்தகிரி லாங்வுட் சோலைக்குள் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 6400 வைக்கிற இடத்தில் 5000 வைக்கலாம், அவ்வளவே. 500 எம்எம் எஃப்4 என்றால் 2500-க்கு வரும். ஆனால் அந்த லென்ஸ் மூன்று கிலோ. 600-ஐ விட்டு 500-க்கு வந்தால் ஈப்பிடிப்பான் ஃபிரேமில் ஆறில் ஒரு பங்கு சிறுத்துவிடும். முதுமலை சஃபாரியில் யானை வண்டியருகே வந்து நின்றால் 150-க்குப் போகவும் வழியில்லை.

ஸூம் 600-இல் முழுத்திறப்பில் கொஞ்சம் மழுங்கும் என்பது உண்மை. எஃப்8-இல் சரியாகிவிடும். சோலைக்குள் எஃப்8-க்கு வெளிச்சம் யார் தருவார்கள்?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, ஸூம் செய்யும்போது நீளும் அந்தக் குழல். ஒவ்வொரு முறை நீட்டும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஊட்டியில் காற்று என்றால் பாதி மிஸ்ட். இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸோடு கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, மசினகுடியின் வெதுவெதுப்பில் நீட்டினால் உள்கண்ணாடியே வியர்க்கும். வெளியே படிந்ததைத் துடைக்கலாம், உள்ளே படிந்ததை என்ன செய்வது? கிளம்பும் முன்பே 150-இல் லாக் போட்டு, ஜிப் கவரில் மூடி, இறங்கியபின் முக்கால் மணி நேரம் பையைத் திறக்காமல் இருக்க வேண்டும். புலி அதுவரை காத்திருக்குமா!

லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க, வீட்டில் டிரை கேபினெட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 40-50 சதவீத ஈரப்பதத்தில் ஓட வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மேல்தான் நம்பிக்கை என்றால், ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் சூடேற்றுங்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் தொடங்கியே எச்சரிக்கை. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் எமன். பூஞ்சை கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்துவிட்டால், சர்வீஸில் பூஞ்சை போகும், தழும்பு போகாது.

ஆகவே, மேலே போட்ட கணக்கு அத்தனையும் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும், ஸூமை, விற்றுவிட்டு பிஎஃப் வாங்குங்கள். குழல் நீளாது, எடை 1460 கிராம்தான். மிரர்லெஸ் பாடி என்றால் இந்த லென்ஸை அதில் பொருத்தும் எஃப்டிஸெட் அடாப்டருக்கும் காசு எடுத்து வையுங்கள். வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை; வட்ட வட்டமாக மெல்லிய வளையங்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள், பிஎஃப் கண்ணாடியின் அமைப்பே அப்படித்தான்.